போடாமல் விட்ட கட்டை

கொள்ளிடத்தில் வெள்ளம் கரையைத் தொட்டுவிட்டது என்று சேதி வந்த அன்று, ஸ்ரீரங்கத்து ரைஸ்மில் முதலாளி தன் ஜீப்பைத் தூக்கிக் கட்டச் சொன்னார். லால்குடிக்கு அந்தப் பக்கம் அவருடைய குத்தகைக்காரர்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையில் தண்ணீர் ஓடியது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய வண்டி, இருந்த உயரத்தில் அதைத் தாண்டாது. டிரைவர் மருதை அதைப் பாலக்கரையில் இருந்த செபஸ்தியானின் பட்டறைக்கு ஓட்டிப் போனான்.

இரண்டு பேரும் வாலிப வயதில் ஒரே பஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். மருதையின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் செபஸ்தியான். வெள்ளச் சேதி வந்த அன்று அவன் மழையோடு மழையாக ஜீப்பில் வேலை செய்தான். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் வைத்துக் கட்டினான். வண்டியின் உடம்பு மேலே போனதும், குலுக்கலைத் தாங்குகிற பழைய ஷாக் அப்சார்பர்கள் எட்டவில்லை. ஒரு வேனிலிருந்து கழற்றிய நீளமானவற்றை மாட்டினான். கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, நாளை மத்தியானம் வந்து எடுத்துக்கொள் என்றான்.

நாளை மத்தியானம் வரை மருதையால் பொறுக்க முடியாது. அவன் தங்கச்சி பொன்னுத்தாயும் அவள் குடும்பமும் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்தான் இருந்தார்கள். செபஸ்தியான் அவனை வண்டிக்கு அடியில் குனிய வைத்து, சட்டத்தின் கீழே முளைத்தாற்போல் இருந்த ரப்பர் கட்டையைத் தொட்டுக் காட்டினான்.

"பள்ளத்துல விழுந்தா அச்சு மேல வரும். இந்த ரப்பர்ல முட்டி நிக்கணும். ஆனா இந்த ஷாக் நீளம். ரப்பருக்கு அச்சு எட்டறதுக்கு முன்னாலயே அது முழுசா உள்ள அமுங்கிடும். அப்புறம் அது வெறும் இரும்புத் தடி. எதையாவது பிடுங்கிட்டுத்தான் நிக்கும். ரப்பரைக் கீழ இறக்கறதுக்கு நடுவுல வைக்க ஒரு கட்டை செய்யச் சொல்லியிருக்கேன், நாளைக்குத்தான் வரும்."

மருதை தங்கச்சியைப் பற்றிச் சொன்னான். செபஸ்தியான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். பிறகு சாவியைக் கொடுத்தான். நாலைந்து பேருக்கு மேல் ஏற்றாதே, சுமை ஒன்றும் வேண்டாம், பள்ளம் கண்டால் ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கு என்று சொல்லி, தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்து இன்னொரு தரம் சொன்னான்.

மருதை கேட்டுக்கொண்டான். போகும்போது வண்டி வெறுமையாக இருந்ததால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு யானை மாதிரிப் போயிற்று. அந்தத் தெம்பு அவனைக் கெடுத்தது.

கிராமத்தில் தெருவே ஜீப்பைச் சுற்றி நின்றது. யாரை ஏற்றுவது, யாரைத் தள்ளுவது? பொன்னுத்தாய், அவள் புருஷன் பிச்சை, ஆறு வயசு மகள் செல்லக்கிளி, அண்டை வீட்டார், ஒரு நிறை கர்ப்பிணி என்று ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஐந்து பேருக்கு மேல் கூடாது என்று மருதை இரண்டு தரம் சத்தமாகச் சொன்னான். யாரும் இறங்கவில்லை. அப்போது பொன்னுத்தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, விதைநெல் மூட்டை இரண்டையும் ஏற்றிவிடு அண்ணே, அதுவும் போனால் அடுத்த வருஷம் நாங்கள் என்ன செய்வோம் என்றாள். மருதை மூட்டைகளைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். ஏற்றச் சொன்னான். பிச்சை மூட்டைகளைப் பின்னால் போட்டு, மகளை மேலே உட்கார வைத்து, தானும் மூட்டையைப் பிடித்தபடி தொற்றிக்கொண்டான்.

வாய்க்கால் கரைமேல் போகிற பாதையில் தண்ணீர் இல்லை. இருட்டுவதற்குள் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று மருதை வேகம் எடுத்தான். கரை அரித்துக் கிடந்த இடம் கண்ணில் பட்டபோது பிரேக்கை மிதித்தான். அதற்குள் முன்சக்கரம் இறங்கி ஏறிவிட்டது. பின்சக்கரம் முழுப் பாரத்தோடு விழுந்தது. அடியில் வெடி வெடித்தாற்போல் ஒரு சத்தம். ஷாக்கின் மேல்பிடி சட்டத்திலிருந்து பிய்ந்து, பக்கத்தில் போன பிரேக் குழாயை அறுத்துவிட்டது. அது அவனுக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிஷம் தெரிந்ததெல்லாம், அடுத்த இறக்கத்தில் பிரேக் பெடலை மிதித்தபோது கால் பலகை வரைக்கும் போயிற்று என்பதுதான். ஜீப் திரும்பாமல் நேரே வாய்க்காலில் பாய்ந்து, பின்பக்கம் தண்ணீரில் அமுங்கக் கவிழ்ந்தது.

முன்னால் இருந்தவர்கள் தப்பினார்கள். கர்ப்பிணியும் பிழைத்தாள். பிச்சையை மூட்டைகளுக்கு அடியிலிருந்து உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். செல்லக்கிளி மறுநாள் காலை மதகு ஓரத்தில் கிடைத்தாள்.

போலீஸ் கேட்டபோது மருதை நெற்றியில் கட்டோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பொன்னுத்தாய். எப்படி ஆயிற்று என்றார் ஏட்டு. பட்டறை வேலை சரியில்லை, பிரேக் அறுந்துபோச்சு என்றான் மருதை. செபஸ்தியான் எச்சரித்ததை மறைத்துவிட்டான். தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

செபஸ்தியானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கட்டை போடாமல் வண்டியை வெளியே விட்டது நான்தான் என்றானாம். எச்சரித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் வந்தபோது, பொன்னுத்தாய் வாசலிலேயே அவன் காலடியில் மண்ணை வாரித் தூற்றினாள். அவன் தலை குனிந்து நின்றுவிட்டுப் போனான். மருதை உள்ளே தூணைப் பிடித்தபடி நின்றான்.

பாலக்கரைப் பட்டறைக்கு வண்டிகள் வருவது நின்றது. மறு வருஷம் அதை மூடிவிட்டு, செபஸ்தியான் மன்னார்புரத்தில் யாரோ ஒருவரிடம் பஞ்சர் ஒட்டப் போனான். பொன்னுத்தாய் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். மருதை வண்டி ஓட்டுவதை விட்டு ரைஸ்மில்லில் மூட்டை எடை பார்க்கிற வேலைக்கு மாறினான். சோறு இறங்குவதில்லை. உடம்பு கரைந்தது.

ஒரு மத்தியானம், மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் தங்கச்சியிடம் சொல்லிவிட்டான். செபஸ்தியான் ரப்பரைத் தொட்டுக் காட்டியது, சொன்னது, தான் கேட்காமல் போனது எல்லாவற்றையும் சொன்னான். மன்னார்புரம் போய் அவன் காலில் விழப்போகிறேன், போலீசிலும் சொல்லப்போகிறேன் என்றான்.

பொன்னுத்தாய் முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணே. அஞ்சு பேருக்கு மேல கூடாதுன்னு நீ கத்தினது எனக்குக் கேக்காமலா இருந்துச்சு? அதுக்கப்புறம்தான் மூட்டையை ஏத்தச் சொன்னேன்."

மருதை அவள் முகத்தைப் பார்த்தான்.

"அந்த மனுஷன் மேல பழி இருக்கற வரைக்கும் நாம ரெண்டு பேரும் ஒரு வீட்டுல சோறு திங்கலாம். நீ போய்ச் சொல்லிட்டு வந்தா, அப்புறம் நான் உன் மூஞ்சிலயும் முழிக்க முடியாது, என் மூஞ்சிலயும் முழிக்க முடியாது. எங்கண்ணே போவேன் நான்?"

மருதை செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனான். மன்னார்புரம் பக்கம் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் அவனைப் பார்த்து ஏறுகிறீர்களா என்று கேட்டான். மருதை இல்லை என்று தலையாட்டினான்.