சீட்டில் குறையில்லை

"டோங்கைப் போடுங்க" என்றாள் ஜொவெலின்.

பால் பவுடர் டப்பாவை மேஜை நடுவில் டொக்கென்று வைத்தாள். மூடியில் கத்தியால் கீறிய ஓட்டை. மேஜையைச் சுற்றி ஒன்பது ஆண்கள், எல்லாரும் அவள் அப்பாவோடு சபோட்டே தடத்தில் ஜீப்னி என்ற குட்டி பஸ் ஓட்டியவர்கள். ஒருவரும் உடனே நிமிரவில்லை.

இழவு வீட்டில் சீட்டாடலாம். போலீஸ்கூடக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவன் ஒரு பங்கை டப்பாவில் போடுவான். அதுதான் டோங். சவப்பெட்டிக்கும் காபிக்கும் பிஸ்கட்டுக்கும் அதிலிருந்துதான். ஆனால் செத்தவன் வீட்டார் அதை வாய் திறந்து கேட்கக் கூடாது. கோரிங் அத்தை முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். "போட்டா போடட்டும், போடாட்டி போகட்டும். நீ மட்டும் கேட்டுடாத. பெட்டிக்குள்ள கிடக்கிறவன் கை நீட்டிப் பிச்சை கேட்ட மாதிரி ஆயிடும்."

ஐந்து நாள் ஆகிவிட்டது. இன்று இரண்டு மணிக்குக் கோயிலில் பூசை, பிறகு அடக்கம். டப்பாவில் முந்நூறு பேசோகூடத் தேறவில்லை. கூட்டமோ குறையவே இல்லை. பகலும் ஆடினார்கள், இரவும் ஆடினார்கள். ஒன்பது பேர், ஒன்பது போன். மேஜைமேல் காபிக் குவளையும் தர்ப்பூசணி விதைத் தோலும்தான் கிடந்தன. ஒரு சீட்டு இல்லை.

டெல்ஃபின் மாமாதான் முதலில் தலையைத் தூக்கினார். அப்பாவுக்குப் பின்னால் எப்போதும் வரிசையில் நிற்பது அவர் வண்டிதான்.

"போனுக்குள்ள எங்கம்மா போடுறது?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தபின் பெட்டி இருந்த பக்கம் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

"டோங்கைத்தான் கம்பெனிக்காரனே பிடிச்சுக்கிறானே" என்றான் அம்போய். இருப்பதிலேயே சின்னவன், வாய்த்துடுக்கு. "ஆட்டம் முடிஞ்ச கையோட, கேக்காமயே. உங்க ஆபீஸ்தானேக்கா? அப்ப டோங் உனக்கு மாசா மாசம் சம்பளமா வந்துட்டுத்தானே இருக்கு. மறுபடியும் கேக்குறியே!"

"வாயக் கழுவுடா" என்றார் டெல்ஃபின்.

"தப்பா என்ன சொன்னேன்? பெருமையாத்தான் சொல்றேன்."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். அதுதான் ஜொவெலினுக்குத் தாங்கவில்லை. வெயில் படாமல் மேலே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் அவள் முகமே தலைகீழாகத் தொங்கியது. பட்டம் வாங்கிய அன்று அப்பா அடித்த பேனர். புள்ளியியல் பட்டதாரி, குடும்பத்தின் முதல் பட்டதாரி, கடவுளுக்கு நன்றி என்று எழுத்துகள் ஆள் உயரத்துக்கு. வேறு தார்ப்பாய் கிடைக்கவில்லையென்று அம்மா அதையே கட்டச் சொல்லியிருந்தாள்.

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அத்தை வாசலிலேயே மறித்தாள். "கேட்டுட்டல்ல? என் தம்பி மானத்தக் கொண்டுபோய் டப்பாவுல போட்டுட்டல்ல?"

"மானம் போறதுக்கு டப்பா வேணாம் அத்தை."

"படிச்ச திமிரு. அந்தத் தாள மனப்பாடம் பண்ணியா? பூசை முடிஞ்சதும் சாமியார் உன்னைத்தான் பேசக் கூப்பிடுவாரு. எழுதிக் குடுத்தத மட்டும் படி. நன்றி சொல்லு, இறங்கு. அழுதாலும் பரவாயில்ல."

தாள் அவள் பையில் மடிந்திருந்தது. 'எங்கள் தந்தை எலியோதோரோ நேர்மையான மனிதர். முப்பது ஆண்டுகளில் ஒரு பயணியின் சில்லறையைக்கூட மறந்தவர் இல்லை.' பொய்யில்லை. முன் இருக்கையில் மறந்துவிட்டுப் போன மீன் பொட்டலத்தைக்கூட அவர் கடைசித் திருப்பத்தில் காத்திருந்து கொடுத்திருக்கிறார்.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளாக அதே நாற்காலி. பெட்டியின் கண்ணாடி மூடிமேல் படிந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைப்பதும் மடியில் வைப்பதுமாக இருந்தாள். மகளைப் பார்த்ததும், "உன் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. ஏதோ கையெழுத்துப் போடணுமாம், மூணு மணிக்குள்ள. அஞ்சு நிமிஷ வேலைதானாம்" என்றாள்.

ஜொவெலின் படுக்கையறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

மக்காத்தியில் இருபத்து மூன்றாம் மாடியில் அவளுக்கு வேலை. போனில் மூன்று மூன்று பேராக டோங்கிட்ஸ் ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்தில் சீட்டு ஒழுங்காகக் கலைகிறதா என்று பார்ப்பது. மாதத்துக்குப் பத்து லட்சம் ஆட்டங்களை எடுத்துச் சோதிப்பாள். ஒருவன் கைக்கு மட்டும் நல்ல சீட்டு போகிறதா, பெரிய பணம் கட்டினால் சீட்டு மாறுகிறதா, எல்லாம். மாறாது. ஒரு மாதமும் மாறியதில்லை. அறிக்கையின் அடியில் பெயரைப் போடுவாள்.

போன வருடம் ஒரு சாயங்காலம், கருவாடும் தக்காளியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்.

"ஸ்டாண்டுல பசங்க ஆடுறாங்களே, உங்க கம்பெனி ஆட்டம். அது நேர்மையாம்மா?"

எவ்வளவு மரியாதையாகக் கேட்டார். டாக்டரிடம் கேட்பதுபோல. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தது இப்போதும் உடம்பில் இருக்கிறது.

"நானே சோதிச்சதுப்பா. சீட்டுல ஒரு குறையும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவுக்கு அது போதும். மறுநாள் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லியிருக்கிறார். என் பொண்ணு சோதிச்சது, பட்டதாரி, அவளே கையெழுத்துப் போடுறா. வரிசையில் காத்திருக்கிற நேரமெல்லாம் அவரும் ஆடினார், அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் இறங்கினார்கள். பிற்பாடு ராத்திரி நடையும் சேர்த்து ஓட்ட ஆரம்பித்தார். ஏனப்பா என்று அவள் கேட்டாள். டீசல் ஏறிப்போச்சு என்றார். நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

திரையில் அறிக்கை தயாராக இருந்தது. 'சீட்டுப் பங்கீடு: நேர்மையானது.' கீழே கட்டம் காலியாக இருந்தது.

லேப்டாப்புக்குப் பக்கத்தில் அப்பாவின் போன். பூட்டைத் திறக்கும் எண் அவள் பிறந்த வருடம். முதல் நாளே திறந்து பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா செத்த அன்று காலை வரிசையில் அவர் வண்டிதான் முதலில் நின்றிருக்கிறது. ஸ்டாண்டுக்காரன் விசிலடித்தும் நகரவில்லை. டெல்ஃபின் மாமா வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "கையில போனு. அதுல சீட்டு விழுந்துட்டே இருக்கு. ஆட்டத்துல மூழ்கிட்டான்னுதானே நினைச்சேன். வைதுட்டுக்கூட வந்தேன்." பத்தே முக்காலுக்குத்தான் தோளைத் தொட்டு உலுக்கியிருக்கிறார். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நெஞ்சு நின்றுவிட்டதாம். ஐம்பத்தாறு வயது.

ஆட்டக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். ஒன்பது முப்பத்தெட்டுக்கு அப்பாவின் விரல் கடைசியாகத் திரையைத் தொட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் அவர் நான்கு ஆட்டம் ஆடியிருந்தார். ஆள் பதில் சொல்லாவிட்டால் ஆப்பே அவருக்காகச் சீட்டு இறக்கும், மற்ற இரண்டு பேரின் நேரம் வீணாகக் கூடாதென்று. அந்த ஏற்பாட்டையும் அவள்தான் சோதித்திருந்தாள். ஒழுங்காக வேலை செய்தது. நான்காவது ஆட்டத்தில் அப்பா ஜெயித்திருந்தார். ஜெயித்ததில் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது.

"உள்ள வரலாமாம்மா?"

டெல்ஃபின் மாமா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"அவன் வாய மனசுல வச்சுக்காத. சின்னப் பய." தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "ஒண்ணு கேக்கணும். உங்கப்பன் இருந்தா கேட்டிருக்க மாட்டேன். அது நேர்மையா, நேர்மையில்லையா?"

"சீட்டு நேர்மைதான் மாமா."

"அதத்தான் அவனும் சொன்னான். அப்ப நாங்க ஒருத்தன் விடாம தோக்குறோமே, எப்படி? அம்போய்கிட்டக் கேட்டா வேற யாரோ ஜெயிக்கிறான்கிறான். யாரு அது? செபுவுல இருக்கானா, தவாவுல இருக்கானா? ஒரு நாள்கூட அவன் மூஞ்சியப் பாக்கலியே."

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"மூணு பேர் உக்கார்றீங்க. ஆளுக்கு நூறு பேசோ. மொத்தம் முந்நூறு. ஆட்டத்துக்கு ஆளுக்குப் பத்து கட்டுனா நடுவுல முப்பது. அதுல ஒண்ணரை பேசோ கம்பெனி எடுக்கும். யார் ஜெயிச்சாலும் எடுக்கும். இருநூறு ஆட்டம் ஆடுங்க."

மாமா உதட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டார். முப்பது வருடம் பயணிகளின் சில்லறைக் கணக்கைச் சொன்ன வாய். அதிக நேரம் ஆகவில்லை.

"முந்நூறும் போச்சா?"

"முந்நூறும் போச்சு. மூணு பேர் கையும் காலி. ஒருத்தரும் ஏமாத்தல."

மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இங்கயும்தானே டோங் எடுக்குறோம்" என்றார், அதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பதுபோல.

"இங்க அஞ்சாம் நாள் பெட்டியத் தூக்கிடுவோம் மாமா. ஆட்டம் முடிஞ்சிடும். அது முடியாது. அதுக்கு யாரும் சாகணும்னுகூட இல்ல."

வெளியே யாரோ போனில் ஜெயித்த சத்தம் கேட்டது. சில்லறை கொட்டுகிற மாதிரி ஒரு பாட்டு. அந்தப் பாட்டு எங்கே வரவேண்டுமென்று ஆபீசில் இரண்டு வாரம் பேசியிருக்கிறார்கள்.

"இத ஏன் அப்பவே சொல்லல?" என்றார் மாமா. கோபமில்லை. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"அப்பா சீட்டு நேர்மையான்னு கேட்டாரு." நிறுத்தினாள். இல்லை, அப்பா அப்படிக் கேட்கவில்லை. "அது நேர்மையான்னு கேட்டாரு. நான்தான் சீட்டைப் பத்தி மட்டும் சொன்னேன். கணக்கு எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அத யாரும் என்கிட்டக் கேக்கல, அறிக்கையில அதுக்குக் கட்டமும் இல்ல. அப்பா அப்படிக் கேட்டதும் எனக்குப் பெருமையா இருந்துச்சு மாமா. அதான்."

மாமா தொப்பியை மடியில் வைத்தார்.

"ஸ்டாண்டுல இருபத்தஞ்சு முப்பது பேரு" என்றார். "எல்லாம் உங்கப்பன் பேச்ச நம்பி இறங்குனவங்க. இன்னிக்கு அவனுக்குத் தோள் குடுக்க வந்திருக்காங்க. இத வெளிய சொல்லாதம்மா. நான் அம்போய்கிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்றேன், அவனா நிறுத்திடுவான். உங்கப்பன் பேரு நல்ல பேராவே மண்ணுக்குள்ள போகட்டும்."

"அம்போய் நிறுத்துவானா?"

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார்.

"நீங்க நிறுத்துவீங்களா மாமா?"

அவர் சட்டைப் பையில் இருந்த போன் வெளிச்சம் துணி வழியாகத் தெரிந்தது. அவர் ஆட வேண்டிய முறையாக இருக்கலாம். கையால் அதை மூடிக்கொண்டார். சின்னப் பிள்ளை ஒளித்துவைப்பதுபோல அந்தக் கை அப்படியே இருந்தது. ஜொவெலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு வந்த வெட்கம் தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

கூடத்தில் சாமியாரின் ஆள் வந்துவிட்டான். அத்தை பெட்டியைத் திறக்கச் சொல்லி, அப்பாவின் விரல்களில் சுற்றியிருந்த ஜெபமாலையின் நூலைக் கத்தரியால் வெட்டினாள், சாவு தொடர்ந்து வரக் கூடாதென்று. அம்மா அப்போதுதான் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். ஜொவெலினும் தம்பியும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டி மூடியது. டெல்ஃபினும் அம்போயும் முன்னால், பின்னால் நான்கு பேர். அம்போய் போனைப் பின்பையில் செருகிவிட்டுக் குனிந்து தூக்கினான். முகம் வாடியிருந்தது. அப்பாவிடம்தான் அவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான்.

அத்தை அவள் காதருகே வந்தாள். "தாள் இருக்கா?"

"இருக்கு."

"நேர்மையான மனுஷன்கிற இடத்துல கொஞ்சம் நிறுத்திப் படி. ஜனங்க அழும்."

பெட்டி வாசலைக் கடந்ததும், சாவை வாசலோடு நிறுத்த அத்தை ஒரு பீங்கான் தட்டை எடுத்துப் படியில் அடித்து உடைத்தாள்.

ஜொவெலின் படுக்கையறைக்குத் திரும்பினாள். அவள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆபீஸ். மணி ஒன்று நாற்பது. அதை எடுக்காமல் லேப்டாப்பின்மேல் வைத்தாள். பையிலிருந்து தாளை எடுத்தாள், பிரிக்கவில்லை. அதையும் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பாவின் போனை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியாடி?" அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். "உன் தம்பி காலேஜு பீசுக்கு இந்த மாசம்..."

"வாம்மா, போகலாம்."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சந்தில் பெட்டியை வண்டியில் ஏற்ற இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படியில் நின்றபடி ஜொவெலின் குரல் கொடுத்தாள்.

"மாமா, ஸ்டாண்டுலேர்ந்து எல்லாரும் கோயிலுக்கு வர்றாங்களா?"

"எல்லாரும்தாம்மா" என்றார் டெல்ஃபின், பெட்டியின் பாரத்தில் கழுத்து நரம்பு புடைக்க. "இன்னிக்கு ஒரு வண்டியும் ஓடாது." சொல்லி முடித்தபிறகுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் படியிறங்கினாள். செருப்புக்கடியில் பீங்கான் நொறுங்கியது.