நாற்காலி மாறிய சனிக்கிழமை

மார்க் ஷீட் கொடுக்கும் நாளில் எங்கள் பள்ளியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெற்றோர் வராந்தாவில் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். ரேங்க் இது, இந்தப் பாடம் உதைக்கிறது, வீட்டில் டிவியைக் குறையுங்கள், அடுத்தவர் வாங்க. நாற்பது பேரை எண்பது நிமிடத்தில் அனுப்பிவிட்டு, டீ ஆறுவதற்குள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடுவேன். பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இருபது வருடமாகக் கணக்கு டீச்சர் நான். கோபக்காரி என்று பெயர். அது பொய்யும் இல்லை.

புதிதாக வந்த தலைமையாசிரியை இதில்தான் கை வைத்தார்.

"இந்தத் தடவை ரேங்க் கிடையாது. பிள்ளைங்க உங்க நாற்காலில உட்காருவாங்க. நோட்டை விரிச்சு வெச்சு, எது புரிஞ்சுது, எது புரியலன்னு அப்பா அம்மாகிட்ட அவங்களே சொல்லுவாங்க. நீங்க பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க."

ஸ்டாஃப் ரூம் சந்தைக்கடை ஆனது. பள்ளிக் குழுவின் செயலாளர் வேறு, "ஒரே ஒரு தடவை பார்ப்போம். பெத்தவங்க முகம் சுளிச்சா பழைய ரேங்க் ஷீட்தான்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

தலைமையாசிரியை எங்களை அடக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, எனக்கு எது வரலன்னு முதல்ல நான் சொல்றேன். இதுக்கு முன்னாடி வேற ஸ்கூல்ல ஆறு வருஷம் எச்.எம்.மா இருந்தேன். நல்லா பாடம் எடுக்கிற ரெண்டு பேர் என்னாலதான் வேலைய விட்டுப் போனாங்க. நான் பேசிக்கிட்டே இருந்தேன், அவங்க சொன்னதைக் கேட்கவே இல்லை. கேட்கிறது எனக்கு இன்னும் சரியா வரல."

நல்ல நடிப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். ஏழாம் வகுப்பு என் வகுப்பு. அதில் என் மகளும் படிக்கிறாள். நாற்பது வாயும் திறந்தால் என் மானம் என்ன ஆகும்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். பிள்ளைகள் பேச வேண்டியதை நானே கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஆளுக்கொரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வாரம் ஒத்திகை. "எனக்குப் பின்னங்கள் சற்றுக் கடினமாக உள்ளன. கவனக்குறைவே காரணம். தினமும் பயிற்சி செய்து திருத்திக்கொள்வேன்." தயார் செய்யாமல் பிள்ளைகளை மேடை ஏற்றி எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை வந்தது. முதலில் ஒரு பஸ் டிரைவர், டியூட்டிக்குப் போகும் காக்கி உடுப்பிலேயே வந்திருந்தார். அவர் மகன் என் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, கண்ணை மேலே உருட்டி, ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த செயலாளர் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது பெண்ணும் ஒப்பித்தாள். மூன்றாவது பையன் பேசும்போது தலைமையாசிரியை உள்ளே வந்து சுவர் ஓரமாக நின்றார்.

நான்காவது ஆள் ஒரு தையல்காரப் பெண்மணி. காத்திருந்த நேரமெல்லாம் காது கொடுத்துக் கேட்டவர், தன் மகளும் "எனக்குப் பின்னங்கள்" என்று ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார்.

"ஏன் டீச்சர், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வியாதியா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. "இந்தக் கூத்துக்கா ரேங்க்கை எடுத்தோம்? திங்கக்கிழமை பழையபடி ஒட்டிடலாம்" என்று எழுந்தார்.

தலைமையாசிரியை அவரைப் பத்து நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்தார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். வாய் நிறைய பதில் வைத்திருந்தேன்.

"தப்பு என்னோடதுதான். உங்களுக்கு இதுல என்ன பயம்னு நான் கேட்கவே இல்லை" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"இப்ப என்ன பண்ணலாம்? உங்க வகுப்பு. நீங்க சொல்லுங்க."

உத்தரவு போட்டிருந்தால் மீறியிருப்பேன். கேள்வி கேட்டுவிட்டு அந்த அம்மாள் சும்மா நின்றார். இத்தனை பேர் முன்னால் அவருடைய முயற்சியைக் கவிழ்த்தது நான்தான் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது.

உள்ளே போய், "எழுதிக் குடுத்ததை எல்லாரும் மறந்துடுங்க" என்றேன். மகளைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் எதிரே, பெற்றோர் நாற்காலியில். பக்கத்தில், டீச்சர் உட்கார வேண்டிய இடத்தில், தலைமையாசிரியை உட்கார்ந்தார்.

என் மகள் நோட்டைத் திறந்தாள், மூடினாள். எப்போதும் தொண்ணூற்றைந்துக்குக் கீழே வாங்காத பெண்.

"மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் ப்ளஸ் வருதுன்னு எனக்குப் புரியலை. ஸ்கூல் திறந்ததிலேருந்தே புரியலை. சும்மா போட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஏன் என்கிட்ட கேட்கலை?" குரல் உயர்ந்துவிட்டது.

"கிளாஸ்ல கேட்டா, டீச்சர் பொண்ணுக்கே தெரியலைன்னு சிரிப்பாங்க. வீட்ல கேட்டா, கிளாஸ்ல என்னடி பண்ணினேன்னு நீ கத்துவே. எங்கேம்மா கேட்கிறது?"

முதலில் கோபம்தான் வந்தது. உடனே விளக்கிவிடலாம் என்று சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகை வரைக்கும் போய் நின்றேன். விதியை எழுதலாம். ஏன் என்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. என் டீச்சர் சொன்னதை நான் சொன்னேன், இருபது வருடமாக.

"எனக்கும் தெரியாது" என்றேன். "மனப்பாடமாத்தான் சொல்லிக்குடுத்துட்டு வரேன்."

பஸ் டிரைவர்தான் முதலில் பேசினார். "டீச்சரே சொல்லிட்டாங்க. என் பையனும் இன்னொரு தடவை உட்காரட்டும் மேடம். டெப்போவுக்கு போன் பண்ணி லேட்டாகும்னு சொல்லிடறேன்." தையல்காரப் பெண்மணி தன் மகளின் கையில் இருந்த தாளை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். செயலாளர் கடைசி பெஞ்சிலிருந்து இரண்டாவது பெஞ்சுக்கு வந்திருந்தார்.

"நாற்பது பேரும் இப்படிப் பேசினா ஒரு நாள் பத்தாது. அடுத்த தடவை ரெண்டு நாளா வைங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. "இவ இன்னும் முடிக்கலை" என்று என் மகள் பக்கம் திரும்பினார். "கடைசிக் கேள்வி. அம்மாகிட்ட உனக்கு என்ன வேணும்?"

"கேட்டா கோபப்படாம இருக்கணும்."

சரி என்று சொல்லியிருந்தால் எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"கோபம் வரும்டி. வந்தாலும் கேளு."

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அதில் நான் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி என் பக்கம் நகர்த்தினாள். போட்டேன்.