ஆட்டுக்கடியில் ஓர் எழுதுவினைஞர்

1

டமார்!

கதை இந்தச் சத்தத்தில்தான் தொடங்க வேண்டும் என்று குடைக்கடை முஹ்ஸின் நானா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருடைய வேனின் மூக்கில் ஒரு பொல்லுத்தடி விழுந்த சத்தம் அது. எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழர் வீடுகள் எரிந்த ஆடிக் கலவரத்தில், கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், பட்டப்பகலில் விழுந்தது.

நான் வேறு மாதிரித்தான் தொடங்கியிருந்தேன்: "ஹந்தானை மலையின் தோள்களில் பனி மெல்லத் தவழ்ந்து, கண்டி வாவியின் கன்னத்தை வருட..."

வருடி முடிக்கவில்லை. முஹ்ஸின் நானா எட்டிப் பார்த்துவிட்டார்.

"இந்தப் பனி எப்ப தம்பி முடியும்? அங்க என்ட வேன அடிக்கிறானுகள்."

ஆகவே டமார்.

கதை எப்படி வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வார இதழ்களுக்குத் தொடர்கதை எழுதுகிறவன். ஹஜ்ஜுப் பெருநாள் மலருக்கு ஒரு கதை வேண்டும், ஆடு மாடு அறுத்துக் கொடுக்கும் குர்பானின் அர்த்தம் வாசகருக்கு விளங்க வேண்டும் என்றார் ஆசிரியர். கூடவே, இரத்தம் வேண்டாம், கலவரம் வேண்டாம் என்றார்.

"இரத்தம் இல்லாமல் குர்பானை எப்படி எழுதுவது?"

"அதுதானே உங்கள் திறமை" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற வீட்டில் பிறந்தவன். குர்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பெருநாளன்று யார் வீட்டுக்குப் போனால் நல்ல சாப்பாடு என்பதுதான். மழைக்கு ஒதுங்கிய இடம் முஹ்ஸின் நானாவின் கடை. கேட்டேன். சொன்னார். குடை மட்டும் இலவசமாகத் தரவில்லை.

2

கதாநாயகனைப் பற்றி எனக்கு முதலிலேயே சந்தேகம்.

என் தொடர்கதைகளில் கதாநாயகன் ஓடும் ரயிலிலிருந்து குதிப்பான். முஹ்ஸின் நானா கதிரையிலிருந்து எழுவதற்கே ஒரு குடையை ஊன்ற வேண்டும். குள்ளம். தொப்பை. அதிலும் வீரம் எதுவும் இல்லை, பசி மட்டும்தான் இருக்கிறது. "உயரமாகப் போடட்டுமா?" என்று கேட்டேன். "உசரம் வேணாம். தொப்பையக் கொஞ்சம் கொறச்சிப் போடுங்க" என்றார். போட்டேன். மனசு கேட்கவில்லை, திரும்பவும் ஏற்றிவிட்டேன்.

அவருடைய ஒரே பலவீனம் ஈரல். ஹஜ்ஜுப் பெருநாளன்று காலை ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போவார். தொழுதுவிட்டு வந்து, ஆடு அறுத்து, அந்த ஈரலில்தான் வாய் நனைப்பார். (குர்பான் ஈரலில் பெருநாள் பசியாறுவது நபிவழி. விசாரித்துவிட்டேன், உண்மைதான். அதற்கு ஒரு துண்டு போதுமாம். நானாவுக்கு ஒரு பீங்கான் தட்டு நிறைய வேண்டும்.) மிளகு தட்டிப்போட்டு அவருடைய மனைவி ஹிதாயா பொரிக்கும் அந்த ஈரலை நினைத்தே அவர் வருஷம் முழுவதும் குடை விற்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

இதை மறக்காதீர்கள். கதை முழுக்க இந்த ஈரலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

3

இனி வேனுக்குள் வருவோம்.

பெருநாளுக்கு இன்னும் நாளிருந்தது. ஆனாலும் வீட்டில் கட்டி, தீனி போட்டுக் கொழுக்க வைக்க வேண்டும் என்று ஹேவாஹெட்டவில் ஒரு கிடாயை வாங்கி, வேனின் பின்பக்கம் புல்லுக்கட்டோடு ஏற்றிக்கொண்டு கண்டிக்கு வந்துகொண்டிருந்தார் முஹ்ஸின் நானா. கலவரம் தொடங்கியது அவருக்குத் தெரியாது. அம்பிட்டியவில் புகை தெரிந்தது. ஒரு பலாமரத்தின் பின்னால் வரதராசாவும் தெரிந்தார்.

வரதராசா யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர், சுத்த சைவம். வாரத்துக்கு ஒரு குடை தொலைப்பார். ஆகவே முஹ்ஸின் நானாவின் மிகச்சிறந்த வாடிக்கையாளர். அவர் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்துதான் அந்தப் புகை வந்துகொண்டிருந்தது.

"ஏறுங்க வரதர்!"

"எங்கை ஏறுறது? உள்ளுக்கு ஆடெல்லோ நிக்குது!"

"ஆடு கடிக்காது. அந்தா வாறானுகளே, அவனுகள்தான் கடிப்பானுகள்!"

வரதராசா ஏறிப் படுத்தார். அவர்மேல் புல்லைப் பரப்பி, புல்லுக்குமேல் ஆட்டை நிறுத்தினார் முஹ்ஸின் நானா. நல்ல ஏற்பாடு. ஒரேயொரு குறை: ஆடு புல்லைத் தின்னத் தொடங்கிவிட்டது. வேன் ஓட ஓட வரதராசா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தார். முதலில் நெற்றி. காலையில் பூசிய திருநீறு அதில் பளிச்சென்றிருந்தது. அதையும் ஆடு நக்கித் துடைத்தது.

(இது நான் சேர்த்தது என்று ஆசிரியர் வெட்டப் போகிறார். வெட்டவேண்டாம் ஐயா. வரதராசா இன்னமும் அந்த நாக்கை நினைத்து நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார்.)

டமார்! பொல்லுகளோடு ஒரு கூட்டம். சிவப்புச் சாரம் கட்டிய ஒருவன் பின்கதவைத் திறந்தான். ஆட்டைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. இன்றைக்கு நமக்கு விருந்து என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே ஆட்டின் காதைப் பிடித்து இழுத்தான். வெளியே வந்த நெற்றியை மறைத்துக்கொண்டு நின்றதே அந்த ஆடுதான்; அது இறங்கினால் மிச்சமிருக்கும் புல்லும் அதோடு வரும். புல் வந்தால் வரதராசா.

முஹ்ஸின் நானா சிங்களத்தில் கத்தினார்: "தொடாதே! அது அல்லாஹ்வுக்குக் கொடுத்த ஆடு!"

சிவப்புச் சாரத்தின் கை சுட்டதுபோல் பின்னால் வந்தது. கூட்டத்தில் ஒருவன் அவன் தோளைப் பிடித்து, தெய்வத்துக்கு நேர்ந்ததில் கைவைக்காதே என்றான். கதிர்காமத்துக்கு நேர்ந்த தேங்காயில் சம்பல் இடித்துத் தின்ற அவனுடைய சித்தப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் போனது இன்னும் திரும்பவில்லையாம். கடவுள் யாராக இருந்தால் என்ன, நேர்ச்சை நேர்ச்சைதான். வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டு வந்தவர்கள் ஓர் ஆட்டுக்குப் பயந்து, கதவை மெதுவாகச் சாத்தி வேனை அனுப்பிவைத்தார்கள்.

4

இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுதலாம் என்று இறங்கினேன்: "இறைவனின் கட்டளைப்படி மகனையே கொடுக்கத் துணிந்தார் இப்ராஹீம் நபி. கடைசிக் கணத்தில் மகனுக்குப் பதிலாக ஓர் ஆடு வந்தது. அந்த நினைவுதான் குர்பான். ஒரு மனிதன் சாகாமல் இருக்க ஓர் ஆடு வருகிறது. நம் வேனிலும் அதேபோல் ஓர் ஆடு..."

"அது செம்மறி. என்டது வெள்ளாடு" என்றார் முஹ்ஸின் நானா.

கட்டுரை அத்தோடு நின்றது.

5

வரதராசாவைப் பின்னறையில் ஒளித்து, ஆட்டைக் கொல்லையில் கட்டிவிட்டு, தன் வீரத்தை மனைவியிடம் விவரித்தார் முஹ்ஸின் நானா. ஹிதாயா தேத்தண்ணி கொடுத்தாள். அழுதாள். அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"இஞ்ச பாருங்க, நீங்க என்னத்த சொன்னதுன்டு சொன்னீங்க?"

"அல்லாஹ்வுக்குக் குடுத்த ஆடுன்டு."

"அப்படியேவா சொன்னீங்க?"

"அப்படியேதான். ஏன்?"

"அப்ப அது நேர்ச்சையாப் போச்சே! நேர்ச்ச குர்பான்ல குடுத்தவன் ஊட்டுக்கு ஒரு துண்டும் ஆகாதே! முழுசாத் தருமம் குடுக்கணுமே!"

முஹ்ஸின் நானா தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"ஒரு துண்டும்?"

"ஒரு துண்டும்."

"ஈரல்?"

"ஈரல் என்ன மரத்துலயா காய்க்கிது?"

(வாசகருக்கு: இது எனக்கும் புதுச் செய்தி. சாதாரணக் குர்பானில் வீட்டுக்கும் பங்குண்டு, உறவுக்கும் உண்டு, ஏழைக்கும் உண்டு. 'இதை அல்லாஹ்வுக்குக் கொடுத்துவிட்டேன்' என்று வாய்விட்டு நேர்ந்தால் எல்லாம் போய்விடும். அதனால்தான் விவரமானவர்கள் கொல்லையில் நிற்கும் ஆட்டைக் காட்டி 'என்ன, குர்பானா?' என்று யார் கேட்டாலும் பிடிகொடுக்காமல் 'இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்' என்பார்களாம். நம்மவர் பொல்லுக்கு முன்னால் நின்றதில் அந்த விவரத்தை மறந்துவிட்டார்.)

6

ஊரடங்கு தளர்ந்ததும் முதல் காரியமாக முஹ்ஸின் நானா ஓடியது கடையைப் பார்க்க அல்ல. பள்ளிவாசலில் மார்க்கச் சட்டம் சொல்லும் சாஹுல் ஹமீது லெப்பையைப் பார்க்க. கடையும் தப்பியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

லெப்பை எல்லாவற்றையும் கேட்டார்.

"சொன்ன நேரம் உங்கட மனசுல என்ன ஈந்திச்சி? ஆளக் காப்பாத்தச் சும்மா சொன்ன பேச்சின்டா, அது பேச்சிதான். தாராளமாத் தின்னுங்க. நெசமாவே அல்லாஹ்வுக்குக் குடுத்திட்டேன்டு நெனச்சிச் சொல்லீந்தா, நேர்ச்ச. அறுத்தே ஆகணும், நீங்க வாயில வெக்க ஏலா."

"நான் சிங்களத்துலதான் லெப்பை சொன்னேன்."

"ஏன், அல்லாஹ்வுக்குச் சிங்களம் தெரியாதா?"

"இல்ல... மனசுல என்ன ஈந்திச்சின்டு இப்ப எப்படிக் கண்டுபுடிக்கிற?"

"அது உங்கட மனசு முஹ்ஸின். என்ட சட்டப்பையில தேடினா கெடைக்குமா?"

7

இந்த இடத்தில் கதை எனக்கு வசதியாக அமைந்துவிட்டது. அன்று வேனில் சொன்னது வெறும் பேச்சாக இருந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

முஹ்ஸின் நானாவுக்கு ஈரல் கிடைக்கும். பெருநாள் சாப்பாட்டுக்கு மதினி ஸக்கியாவைக் குடும்பத்தோடு அழைத்துவிட்ட ஹிதாயாவின் மானம் தப்பும். வரதராசாவோ ஆட்டையே காப்பாற்றிவிடலாம். வீடு எரிந்ததால் அவர் பின்னறையிலேயே தங்கிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே ஆடு. கந்தோர் இல்லாத எழுதுவினைஞருக்கு வேறென்ன வேலை? பலா இலை கொடுத்துப் பழகி, கடைசியில் அதற்காக வழக்கும் பேசத் தொடங்கினார்.

"முஹ்ஸின் நானா, நீங்கள் சொன்னதைக் கேட்ட சாட்சி நான் ஒராள்தான். சும்மாதான் சொன்னனீங்கள். பயத்திலை சொன்னனீங்கள். ஓம் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இந்தக் கடாவை விட்டுட்டு வேறை ஒண்டை அறுக்கலாமெல்லோ? இது என்ரை உயிரைக் காப்பாத்தின கடா."

"உங்களக் காப்பாத்தினது ஆடா, நானா?"

"நீங்கள் ரெண்டு பேரும்தான். ஆனால் நீங்கள் என்ரை நெத்தியை நக்கேல்லைத்தானே."

முஹ்ஸின் நானா சிரிக்கவில்லையாம். கொல்லைக்குப் போய் ஆட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"அன்றைக்கு என்ன நினைத்துச் சொன்னீர்கள்?" என்று நானும் கடையில் பலமுறை கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு குடையை விரித்துப் பார்த்து, மடக்கி வைத்தார். கடையில் இருந்த குடையெல்லாம் தீர்ந்ததும் முதல் குடையிலிருந்து திரும்பத் தொடங்கினார்.

8

என்னிடம் முடிவுகள் தாராளமாக இருக்கின்றன. தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருநாளுக்கு முதல்நாள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஹந்தானை மலைக்கு ஓடிவிடுகிறது. (வார இதழ் வாசகர்களுக்குப் பிடிக்கும். முஹ்ஸின் நானாவுக்குப் பிடிக்கவில்லை: "நான் கட்டுற முடிச்சி அவுறாது.")

அதே சிவப்புச் சாரம் திருந்தி வந்து, ஆட்டின் காலில் விழுந்து... இல்லை. இதை எழுத என் பேனாவே கூசுகிறது.

வரதராசா சைவத்தைக் கைவிட்டு நன்றியோடு ஈரல் தின்கிறார். (இதை வாசித்துவிட்டு வரதராசா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.)

9

நடந்தது இவ்வளவுதான்.

பெருநாளன்று தொழுகை முடிந்து வந்து, கொல்லையில் முஹ்ஸின் நானா தன் கையாலேயே ஆட்டை அறுத்தார். ஆசிரியரின் விருப்பப்படி நான் மதிலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறேன். வரதராசா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உரத்த குரலில் தேவாரம் பாடினார். பாட்டு நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது.

அறுத்ததால் ஒன்றும் வெளிச்சமாகவில்லை. நேர்ச்சை என்றாலும் அறுக்கத்தான் வேண்டும், சாதாரணக் குர்பான் என்றாலும் அறுக்கத்தான் போகிறார். இறைச்சி இன்னும் பங்கு போடாமல் பாயில் கிடந்தது. ஹிதாயா கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கத்தியைக் கழுவப் போய்விட்டார். பேச்சுத்தான் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, மிளகு தட்டி, வெங்காயம் அரிந்து, ஈரலை அடுப்பில் ஏற்றிவிட்டாள். மணம் கூடத்துக்கு வந்தது. மதினி ஸக்கியா குடும்பம் பாயில் வரிசையாக உட்கார்ந்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத முஹ்ஸின் நானாவும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருடைய வயிறு சத்தம் போட்டதை ஸக்கியாவே கேட்டதாகச் சாட்சி சொல்கிறாள்.

தேவாரம் முடிந்து, பின்னறைக் கதவு கொஞ்சம் திறந்தது. கண் சிவந்த வரதராசா இடுக்கில் நின்றார். ஹிதாயா அடுப்பிலிருந்து சட்டியோடு கொண்டுவந்து நடுவில் வைத்தாள். முஹ்ஸின் நானா ஈரலைப் பார்த்தார். கதவிடுக்கில் நின்ற நெற்றியைப் பார்த்தார். அன்று அதில் திருநீறு புதிதாகப் பூசியிருந்தது.

அம்பிட்டியவில் அவர் சொன்னது பேச்சா, நேர்ச்சையா? முடிவை நான் எழுத மாட்டேன். அவரே எனக்குச் சொல்லாதபோது நான் எப்படி எழுதுவது? பேனாவை உங்களிடமே தருகிறேன். கதவிடுக்கில் நின்ற வரதராசாவின் காதில் விழுந்த முஹ்ஸின் நானாவின் குரலை மட்டும் கீழே வைத்துவிட்டுப் போகிறேன்.

"ஹிதாயா, இத சட்டியோடயே பள்ளிப் பக்கம் அனுப்பிட்டு, எங்க எல்லாருக்கும் முட்டை பொரிங்க."