யோர்னின் துடைப்ப வாரங்கள்

என் கணவன் யோர்னுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கோப்பு நம்பிக்கை உண்டு. மடிக்கணினியில் ஒரே ஓர் எழுத்துக்கோப்பு. படமோ வண்ணமோ இல்லாத வெறும் வரிகள். நகம் வெட்டுவது, அம்மாவுக்குப் போன் செய்வது என்று திரும்பத் திரும்ப வரும் வேலையெல்லாம் அதில் இருக்கும். ஒன்றை முடித்துவிட்டதாகத் தட்டினால், முடித்த தேதியும் நேரமும் அடியில் ஒரு வரியாக விழும். வேலை தானாகவே அடுத்த தவணைக்குத் தாவிவிடும். "ரீக்கேயிடம் நலம் விசாரி" என்பதும் மூன்று நாளுக்கு ஒருமுறை உண்டு. ஒருநாள் அப்படி விசாரித்தான். பல்வலி உயிர் போகிறது என்றேன். "சரி" என்று சொல்லி, முடிந்ததாகத் தட்டிவிட்டான்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இந்த ஜூன் மாதம் எனக்கு ஏழாம் மாதம். இருப்பதோ ஒன்றரை அறை வீடு. தொட்டில் போட்டால் நாங்கள் இருவரும் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேல்மாடி வீடு காலியானது. ஸ்டுட்கார்ட்டில் வாடகைக்கு வீடு என்பது குதிரைக்கொம்பு. எங்கள் வீட்டுக்காரம்மா ஹேஃபெலே அதை யாருக்குக் கொடுப்பார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்: துடைப்ப வாரம் தவறாதவர்களுக்கு.

எங்கள் தளத்தில் இரண்டு வீடு. ஒரு வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பது எங்கள் முறை, மறுவாரம் எதிர்வீட்டு ஃப்ளைடரர் முறை. அவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேல்வீட்டைக் கேட்டதும் ஹேஃபெலே அம்மா அவரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"மேல்வீடா? நவம்பர்லேர்ந்து உங்க வாரத்துல ஒரு தடவையாவது படியில துடைப்பம் பட்டிருக்கா, தம்பி? கையை வெச்சா மாவு மாதிரி ஒட்டுது."

வீடு போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. யோர்ன் மட்டும் சிரித்தான். கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினான்.

"நீங்களே படிங்கம்மா. பதினஞ்சு தடவை. ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. நிமிஷம் முதக்கொண்டு இருக்கு."

ஹேஃபெலே அம்மா கண்ணாடியைத் தேடினார். ஃப்ளைடரர் கோட்டுப் பையிலிருந்து மருந்துக்கடை நாட்காட்டியை எடுத்தார். அவர் பெருக்கிய சனிக்கிழமைகளில் எல்லாம் பென்சில் குறி. திரையில் ஒரு விரல், நாட்காட்டியில் ஒரு விரல் என்று வைத்துக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"அடப்பாவி! நீ என் வாரத்துலல்லவா பெருக்கியிருக்கே! அதான் சனிக்கிழமை காலையில படி பளபளன்னு இருந்துச்சா?"

"அப்ப ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லலை?" என்றான் யோர்ன்.

"எதுக்குச் சொல்லணும்? அழுக்கு இருக்கா இல்லையாங்கிறது வேற விஷயம். முறைன்னா முறை. சுத்தமான படியை மறுபடி பெருக்கினேன்."

யோர்ன் கோப்பின் முதல் வரிக்குப் போய்ப் பார்த்தான். நவம்பரில் காய்ச்சலில் கிடந்து ஒரு வாரம் தள்ளிப் பெருக்கியிருக்கிறான். கோப்பு அடுத்த தவணையை முறைநாளிலிருந்து எண்ணாமல், பெருக்கி முடித்த நாளிலிருந்து இரண்டு வாரம் எண்ணியிருக்கிறது. அப்படி எண்ணச் சொல்லி வைத்தவனும் அவன்தான். அன்று தடம் மாறிய வாரம் மாறியதுதான்.

"நகத்துக்கு அப்படித்தானே எண்ணணும், ரீக்கே," என்றான் பரிதாபமாக. "வெட்டின நாள்லேர்ந்து..."

"படிக்கட்டு நகமாடா?" என்று கத்தினேன்.

ஹேஃபெலே அம்மா கத்தவில்லை. பதினைந்து வரிகளையும் இன்னொரு முறை, உதட்டசைத்துப் படித்தார்.

"ஏழு மாசம் அடுத்தவர் முறையைப் பெருக்கியிருக்கீங்க. ஒரு தடவைகூட விடலை?"

"ஒரு தடவைகூட விடலைம்மா."

அவர் சாவிக்கொத்தை எடுத்து, ஒரு சாவியைக் கழற்றினார்.

"மேல்மாடியில ஒரே வீடுதான், தம்பி. எதிர்வீடு கிடையாது. வாராவாரம் உங்க முறை. நீங்க என்ன கோளாறு பண்ணி எந்த வாரம் பெருக்கினாலும் அது உங்க வாரம்தான்."

யோர்ன் கை நீட்டினான். அவர் சாவியை என் கையில் வைத்து மூடினார்.