மூன்றாவது உறை

வேலை நிரந்தரமாக வேண்டுமானால், நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு ஜோடிக் காலுக்குச் சுத்தபத்தமாகப் பெடிக்யூர் செய்து காட்ட வேண்டும் என்று பார்லர் அம்மா சொல்லிவிட்டார். காலையும் நானே கொண்டுவர வேண்டுமாம். ஊரில் இத்தனை கால்கள் நடக்கின்றன, எனக்கென்று வந்து மாட்டியது நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாரின் கால்.

"கால்ல கூச்சம் இருக்கா அண்ணி?" என்று முந்தின நாளே கேட்டேன்.

"எனக்கா? நான் என்ன சின்னப் புள்ளையா?"

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பார்லர் அம்மாவுக்கு, பயிற்சிக்கு வந்த நாங்கள் வைத்த பெயர் ரெஃப்ரி. சுத்த விஷயத்தில் அவருக்கு ஈவிரக்கமே கிடையாது. கருவிகளைக் கழுவி, சூட்டில் கிருமி நீக்கி, உறையில் போட்டு ஒட்டி வைத்திருப்பார். அதை வாடிக்கையாளர் கண்ணெதிரேதான் கிழிக்க வேண்டும். தரையைத் தொட்ட எதுவும் மறுபடி காலைத் தொடக் கூடாது. தேர்வுக்கு மூன்றே உறை. தீர்ந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

கை கழுவி, கையுறை மாட்டி, தொட்டியில் புது பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு வெந்நீர் விளாவினேன். காலில் வெட்டு, புண் ஏதுமில்லை என்று பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்தேன். முதல் உறையைக் கிழித்து நகங்களை நேராக வெட்டினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. குதிகாலைத் தேய்க்க ஆரம்பித்ததும் அண்ணி "ஹீ" என்றார். அடுத்த நொடி வலது கால் பறந்தது. தட்டு கவிழ்ந்து, கருவிகள் தரையில் உருண்டன.

"ஒண்ணு," என்றார் ரெஃப்ரி.

கையுறையை மாற்றிக்கொண்டு இரண்டாவது உறையைக் கிழித்தேன். இந்த முறை அண்ணி ஒரு துண்டை வாயில் கவ்விக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கில் குக்கர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு இடது கால் வந்தது.

"ரெண்டு. இன்னும் பதினெட்டு நிமிஷம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாதம் பார்லர் முக்காலியில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தவள் நான். அப்போதுதான் உறைத்தது. சண்டை போடும்போது மட்டும் அண்ணியை எறும்பு கடித்தால்கூட அவருக்குத் தெரியாது.

"அண்ணி, எங்க வீட்டுக்கு ஒரு ஜன்னல் திரை எம்ப்ராய்டரி போட்டுக் குடுத்தீங்களே..."

"ஆமா. அதுக்கென்ன?"

"அத போட்டுத்தான் உங்க தம்பி ரெண்டு வருஷமா பைக்க மூடி வெக்கிறாரு."

சிரிப்பு பட்டென்று நின்றது. கால் இரண்டும் கல்லாகிவிட்டன.

"என்னது? மூணு மாசம் கண்ணு பூத்துப் போக உக்காந்து தெச்சேன்டி!"

கிழித்தேன் மூன்றாவது உறையை. அண்ணி தம்பியைக் கிழிக்க, நான் குதிகால், பாதம், விரலிடுக்கு என்று தேய்த்துத் துடைத்து, பாலிஷுக்கு வந்தேன். ஒன்பது விரல் முடிந்தபோது திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துபோய், பாதம் லேசாக நெளிந்தது.

வேறு வழியில்லை. "ஐடியா என்னோடதுதான் அண்ணி," என்றேன்.

பாதம் மறுபடி இறுகியது. பத்தாவது விரலும் முடிந்தது.

"நாப்பத்துநாலு நிமிஷம்," என்றார் ரெஃப்ரி. "வேலை உனக்குத்தான்."

அண்ணி என்னை அறைய எழுந்தார்.

"பத்து நிமிஷம் காயணும் அண்ணி!"

உட்கார்ந்துவிட்டார். முறைத்தார். காலைப் பார்த்தார். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடுத்த மாசமும் உங்கிட்டதான் வருவேன்," என்றார். "அதுக்குள்ள நான் திட்டுறதுக்கு வேற ஏதாவது பண்ணி வை."