ஒன்பது அங்குலம்

வேலி அடைக்கிற காலம் வந்தால் மீசாலையில் அயலவர் ஒருவரையொருவர் நம்பமாட்டார்கள். வேலிக்கு நட்ட கதியால் தடி பட்டுப்போனால், அதை மாற்றும் சாட்டில் வேலி பக்கத்துக் காணிக்குள் கொஞ்சம் நகர்ந்துவிடும். இளையதம்பி வாத்தியாரின் தெற்கு வேலியை அடைக்கும் உரிமை பக்கத்துக் காணிக்கார முருகேசுவுடையது. அவன் அதை ஆண்டாண்டாக வாத்தியார் பக்கம் தள்ளியே வந்தான். 1934இல் வாத்தியார் வழக்குப் போட்டார். சாவகச்சேரிக் கோட்டில், எவ்வளவு காணி போனது என்று கேட்டபோது, ஏறக்குறைய ஒரு முழம் என்றார். யாருடைய முழம் என்று கேட்டார் எதிர்த்தரப்பு அப்புக்காத்து. வந்திருந்த சனமெல்லாம் சிரித்தது. வழக்கும் தோற்றது.

கணக்கு வாத்தியாருக்கு இதைவிட மானக்கேடு வேண்டுமா? அன்றிலிருந்து அவர் வகுப்பில் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லுக்குத் தடை. சொன்னவர் முழங்காலில் நிற்கவேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் பிரம்பு பேசும். மற்றப் பிள்ளைகளை ஒருதரம் திருத்தினால், முருகேசுவின் மகள் பாலேஸ்வரியைப் பத்துத்தரம் திருத்தினார். அவன் விரலாலேயே அவன் கண்ணைக் குத்தவைக்க வேண்டும் என்பது அவருடைய வன்மம். பாவம், அடிபட்டு அடிபட்டு அந்தப் பெட்டைக்குக் கணக்குச் சரிவராவிட்டால் சோறு இறங்காது என்றாகிவிட்டது.

அடுத்த வேலியடைப்பன்று வாத்தியார் வகுப்பையே தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். அயல் முழுக்கப் பார்த்துநிற்க, இரண்டு காணிகளின் அகலத்தையும் சங்கிலி பிடித்து அளந்து, காணி உறுதிப் பத்திரத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி பாலேஸ்வரியை ஏவினார்.

“எங்கடை ஐயாவின்ரை காணி பதினேழு அங்குலம் கூட,” என்றாள் அவள், தகப்பனைப் பாராமல்.

முருகேசு தலை குனிந்தான். பெற்ற மகளின் வாயை எந்த அப்புக்காத்து வந்து அடைப்பது? வாத்தியாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரும்பு அலவாங்கை அவன் கையில் கொடுத்து, கதியாலைப் பிடுங்கச் சொன்னார்.

பாலேஸ்வரி சங்கிலியைச் சுருட்டவில்லை.

“இன்னும் கணக்குச் சரிவரேல்லை, வாத்தியார். உங்கடை காணி பதினேழு அங்குலம் குறையவேணும். எட்டுத்தான் குறையுது. மிச்சம் ஒன்பதும் எங்கையிருந்து வந்தது?”

எல்லோரும் வடக்கு வேலியைப் பார்த்தார்கள். அந்த வேலியை அடைப்பவர் வாத்தியார். அதற்கு அப்பால், புகையிலைக் கன்றுகளுக்கு நடுவே, கைம்பெண் பராசக்தி நிமிர்ந்து நின்றாள். வருடாவருடம் அவள் பக்கம் ஒரு கதியால் தள்ளி நட்டதை வாத்தியார் ஒருநாளும் களவென்று நினைத்ததில்லை.

அவர் தொண்டையைச் செருமினார்.

“அது பிள்ளை, ஏறக்குறைய...”

சொல் வாயை விட்டுப் போய்விட்டது. முருகேசு அலவாங்கை அவரிடமே திருப்பி நீட்டி, வடக்கு வேலியிலிருந்து துவங்கலாம் என்றான். பிள்ளைகள் அலவாங்கைப் பார்க்கவில்லை. வாத்தியாரின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.