புறா வலை

எங்கள் வீட்டிலிருந்து ஒரு பூனையை வாங்கிக்கொண்டு போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் மிகைப்படுத்தவில்லை. என் மனைவி அல்போன்சா இரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம் வைத்திருக்கிறாள். வீடு சொந்தமா வாடகையா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, ஊருக்குப் போனால் யார் சாப்பாடு வைப்பார்கள், எல்லாம் எழுதித் தர வேண்டும். அதில் தேறினால் நாங்கள் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போய் வீட்டைப் பார்ப்போம். அவள் நேராகப் பால்கனிக்குத்தான் போவாள். அங்கே கட்டியிருக்கும் வலையை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பாள். இந்த ஒன்பது மாதத்தில் பதினோரு வீடு பார்த்தோம், ஏழு வீட்டை வேண்டாம் என்றுவிட்டாள். கல்யாண் நகரில் ஒரு ஐ.டி. பையன் எங்களுக்காகக் கேக் எல்லாம் வாங்கி வைத்திருந்தான், பாவம். கேக்கைச் சாப்பிட்டுவிட்டு அவனையும் வேண்டாம் என்றாள்.

அவள் வலையை இழுக்கும்போதெல்லாம் நான் கூடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பேன். வேறெங்கே பார்ப்பது? எங்கள் பூனை செத்தது நான் கட்டிய வலையால்.

அவன் பெயர் சாமியார். உடம்பு முழுக்கக் கறுப்பு, தொண்டையில் மட்டும் பாதிரியார் காலர் மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. பெயர் வைத்தது நான்தான். "கோயில் பங்குல யார் காதுலயாவது விழுந்தா என்ன நினைப்பாங்க?" என்று அல்போன்சா ஒரு வாரம் திட்டினாள், அப்புறம் அவளே "சாமி, சாமி" என்று கொஞ்ச ஆரம்பித்துவிட்டாள். மகள் ஆஞ்சலா கல்யாணமாகி ஹைதராபாத் போன வருடம் வந்தவன். ஆறு வருடம் இருந்தான். சாயங்காலம் ஜெபமாலை சொல்லப் பாய் விரித்தால் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வான், மன்றாட்டு நீண்டுபோனால் வாய் பிளந்து கொட்டாவி விடுவான். அல்போன்சா மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் திருத்தக் கொண்டுவரும் நோட்டுகளின் மேல்தான் தூக்கம். நகக் கீறலோடு நோட்டு திரும்பி வந்தால் பிள்ளைகளுக்கு ஏகப் பெருமையாம்.

பீன்யா தொழிற்பேட்டையில் நான் என்ன வேலை செய்கிறேன் தெரியுமா? பிரஸ் மெஷின்களுக்குக் கம்பி வலைத் தடுப்பு அடிக்கிறேன், ஆபரேட்டர் கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. இருபத்தாறு வருடமாக ஊரார் விரல்களைக் காப்பாற்றுகிற மனுஷன் சொந்த வீட்டுக்கு என்ன போட்டேன்? நைலான். புறாத் தொல்லை தாங்கவில்லை, துணி காயப்போட முடியவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொக்கி அடித்துக் கட்டிவிட்டேன். புறா உள்ளே வரக் கூடாது என்று மட்டும் யோசித்தேன். பூனை வெளியே போகும் என்று இந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலையில் இருந்தேன். "சாமி கீழ விழுந்துட்டான், வாங்க" என்று அல்போன்சாவிடமிருந்து போன் வந்தது. மூன்றாவது மாடி, கீழே சிமெண்டுத் தரை. கொரகுண்டேபாளையா சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதே இரண்டாவது போன். இனி அவசரம் இல்லை, மெதுவாக வாங்க என்றாள். அவளுடைய அண்ணன் ஹெப்பகோடியில் வாங்கிப் போட்டிருக்கும் காலி சைட்டில் புதைத்தோம். வீட்டுக்குத் திரும்பியதும் பால்கனிக்குப் போனேன். வாஷிங் மெஷின் பக்கத்து மூலையில் ஒரு பெரிய கிழிசல். அதற்குமேல் எதையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை. கட்டிங் பிளேயரை எடுத்து மொத்த வலையையும் வெட்டிச் சுருட்டிக் குப்பை ஆட்டோவில் போட்டேன். அல்போன்சா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. குழம்பில் உப்பு கூடியது என்று நான் வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுகிறவள், இதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு நாள் நானே, "இரும்பு வலை போட்டிருக்கணும் அல்போன்சா, என் தப்புதான்" என்றேன். அவள் எழுந்து போய் ஏற்கெனவே அணைந்திருந்த அடுப்பை இன்னொரு தடவை அணைத்தாள். சரி, மன்னிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதமே கோயில் வளாகத்தில், கிறிஸ்துமஸ் குடில் சாமான் போட்டுவைக்கும் அறையிலிருந்து மூன்று குட்டிகளைக் கொண்டுவந்தாள். நான் கேள்வி கேட்காமல் பால்கனி முழுக்க இரும்பு வலை அடித்தேன். அதிலிருந்து வீட்டில் எப்போதும் நாலைந்து இருக்கும். எதற்கும் பெயர் வைக்க மாட்டாள், கொண்டுபோகிறவர்கள் வைக்கட்டும் என்பாள். இப்போது இருப்பதில் ஒரு சாம்பல் நிறக் குட்டிக்கு ஒரு கண் இல்லை. சீழ் வைத்துப்போய் டாக்டர் எடுத்துவிட்டார். போட்டோவைப் பார்த்துவிட்டு யாருமே திரும்பக் கூப்பிடவில்லை, நாலு மாதமாக எங்களோடுதான் இருக்கிறது. அதற்கு ஒரு வீடு கிடைக்காதா என்று அல்போன்சா ஒன்பது நாள் நொவேனா ஜெபம்கூடச் சொல்லிப் பார்த்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் லிங்கராஜபுரத்திலிருந்து டோரீன் என்ற அம்மா கூப்பிட்டார். இந்தக் குட்டிதான் வேண்டும் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம், குட்டி கூடையில். டோரீனும் அவர் கணவர் லாயிட்டும் இரண்டாவது மாடியில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில்.

"முப்பது வருஷம் கண் ஆஸ்பத்திரில நர்ஸு அக்கா நான். சொட்டு மருந்து போடறது எனக்கு என்ன புதுசா?" என்றார் டோரீன். கூடைக் கம்பி வழியாக விரலை விட்டார். அந்தக் குட்டி எங்களையே சில நாள் கடிக்கும், அவர் விரலை முகர்ந்துவிட்டுத் தலையைக் கொடுத்தது. அல்போன்சா என்னைப் பார்த்தாள். இவர்கள்தான் என்று அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

அப்புறம் பால்கனிக்குப் போனோம். அதே பச்சை நைலான், அதே கொக்கி.

"நானே போட்டது பிரதர்," என்றார் லாயிட் என்னிடம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஒரு வருஷம் ஆச்சு, ஒரு புறா உள்ள வந்ததில்ல."

போச்சு, இந்த மனுஷன் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். ஒன்பது மாதமாக எனக்கு விழ வேண்டிய திட்டெல்லாம் இவருக்கு விழப்போகிறது. ஆனால் அல்போன்சா வலையை இழுக்கவில்லை. கீழ் மூலையில் குனிந்து எதையோ தொட்டுப் பார்த்தாள். அங்கே நாலு கண்ணி அறுந்திருந்தது, அதை யாரோ சிவப்புப் பிளாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"இது யார் கட்டினது?"

லாயிட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். அவருக்கே அது புதுச் செய்தி.

டோரீன் சிரித்தார். "நான்தான் அக்கா. போன வாரம் பார்த்தேன், கிழிஞ்சிருந்துச்சு. இவர்கிட்ட சொன்னா இப்பவே ஏணியத் தூக்கிட்டு வந்து வீட்ட ரெண்டாக்கிடுவாரு. சும்மா எதுக்கு ரகளைன்னு கட்டி வெச்சுட்டேன்."

அல்போன்சா அந்த முடிச்சைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூசைக்குக் கட்டிய நல்ல புடவை.

"நானும் கட்டினேங்க," என்றாள். டோரீனிடம் சொன்னாள், என்னிடம் இல்லை. "அரிசி மூட்டைச் சணல்ல கட்டினேன். எங்க சாமி கடிச்சுக் கடிச்சு ஓட்டை போட்டிருந்தான். இவரு அந்த வாரம் தினம் ஓவர்டைம் பார்த்துட்டுச் செத்துச் சுண்ணாம்பாகி வருவாரு. ஞாயித்துக்கிழமை சொல்லிக்கலாம்னு இருந்தேன். செவ்வாய்க்கிழமையே போயிட்டான்."

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டார். லாயிட் என்னைப் பார்த்தார், நான் கூடையைப் பார்த்தேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம், மறைக்க என்ன இருக்கிறது? ஒன்பது மாதம்! நான் கட்டிய வலை, நான் கொன்றேன் என்று சோறு இறங்காமல் இருந்தவன் முன்னால் இவள் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள். கத்தியிருப்பேன், வாய்வரை வந்தது. ஆனால் கோபத்துக்குப் பின்னாலேயே, அப்பாடா, நான் மட்டும் இல்லை என்று நெஞ்சு லேசானது. அவள் தரையில் உட்கார்ந்து அழும்போது எனக்கு லேசாகிறது! அந்த நிமிடம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. நான் வலையை வெட்டி எறிந்த அன்று அவள் கதவில் சாய்ந்து எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று இப்போதுதான் புரிந்தது. அந்தச் சணல் என் கண்ணில் படுமா படாதா என்று பார்த்திருக்கிறாள். நான் 'என் தப்புதான்' என்று சொன்னபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"சொல்லியிருக்கலாம்ல அல்போன்சா," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"எப்படிங்க சொல்றது? நீங்க தப்பு உங்களோடதுன்னு சொல்லிட்டீங்க. நான் அப்படியே விட்டுட்டேன். தினம் விட்டேன்."

கூடைக்குள் குட்டி ஒரு தடவை கத்தியது. டோரீன் மெதுவாக, "அப்ப எங்களுக்குக் குடுக்க மாட்டீங்களா அக்கா?" என்று கேட்டார்.

அல்போன்சா அந்த முடிச்சையே திருகிக்கொண்டிருந்தாள். "குடுப்போம். அடுத்த ஞாயிறு," என்றேன். "இத முழுக்கக் கழட்டிடுங்க லாயிட். நான் இரும்பு வலை கொண்டுவந்து அடிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் குட்டி எங்ககிட்ட இருக்கட்டும். ஒரு பேனா எடுங்க, அளவு எழுதணும்."

எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் அளவு டேப்பை எடுத்து அதன் முனையை அல்போன்சாவிடம் நீட்டினேன். "அந்த மூலையில பிடி." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே முனையை வாங்கிச் சுவரோடு கட்டைவிரலால் அழுத்தினாள். நான் டேப்பை இழுத்துக்கொண்டு பால்கனியின் அந்தக் கோடிக்குப் போனேன். நடுவில் அது தொய்ந்தது.

"இறுக்கிப் பிடி."

"பிடிச்சுட்டுதாங்க இருக்கேன்."

அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அது டேப்பின் வழியாக என் விரல்வரை வந்தது, எண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. லாயிட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு பிரதர்?" என்றார். "இருங்க," என்றேன். என் பக்கத்து முனையை விடாமல், அது ஆடி ஓயட்டும் என்று நின்றேன்.